கொழும்புக் கடலோரம் – 4: உறைப்பு போடவா?

புறக்கோட்டையிலிருந்து காலிமுகத்திடலுக்கு நடந்தே போயிருக்கலாம். வெயிலுக்குப் பயந்து ஓட்டோவில் ஏறினோம். ஏறும்போது "மீற்றர் இருக்கு ஐயா" என்றவர், இறங்கும்போது அது பழுது என்று சொல்லி 1,500 ரூபாய் கேட்டார். இலங்கைக் காசுதான், நம் பணத்தில் நானூற்றுச் சொச்சம். ஆனாலும் அந்தக் காசில் எங்கள் ஊர்ப் பக்கம் குடிபாலாவிலிருந்து வேலூர் போய், பிரியாணி தின்றுவிட்டுத் திரும்பி வரலாம். நான் கத்தினேன். அவர் சிரித்தபடியே நின்றார். இந்த ஊரில் ஏமாற்றுகிறவர்கள்கூட அவசரப்படுவதில்லை. கடைசியில் என் மனைவி 1,000 கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தாள்.

திடலில் இறால் வடை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. தட்டையான பருப்பு வடையின் மேல் முழு இறால்களைப் பதித்துப் பொரிக்கிறார்கள். ஒரு வண்டியில் வயதான அம்மா.

"உறைப்பு போடவா மகன்?"

"நிறையப் போடுங்கம்மா."

"வேணாம், தாங்கமாட்டீங்க."

"நாங்க சித்தூர்ப் பக்கம், ஆந்திரா."

"ஆந்திராவா! பிறகு எப்படித் தமிழ் கதைக்கிறீங்க?"

1911 வரை சித்தூர் வட ஆற்காட்டோடு இருந்த கதையை நான் ஆரம்பிப்பதற்குள் மிளகாய்ச் சாறும் வெங்காயமும் வடை மேல் விழுந்துவிட்டன. இரண்டாவது கடியில் கண்ணில் தண்ணீர். அம்மா ஒன்றும் சொல்லாமல் வெள்ளரித் துண்டுகளை நீட்டினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

"அந்தா, அது முந்தி கடல்" என்று வடக்கே கையைக் காட்டினார். 2014-இல் சீன நிறுவனம் ஒன்று மணலைக் கொட்டத் தொடங்கி, 269 எக்டேர் நிலம் எழுப்பிய துறைமுக நகரம் அது. 1859-இல் ஆளுநர் ஹென்றி வார்ட் இந்தக் கடலோர நடைபாதையைக் கட்டி முடித்து, பெண்களும் குழந்தைகளும் உலாவுவதற்கென்று பின்வரும் ஆளுநர்களுக்குச் சொல்லிக் கல்லில் பொறித்தார். அப்படி உலாவுகிற இடத்தில்தான் 2022-இல் ஜனங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்து, ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓட வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர்களைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது.

எதிரே 2019-இல் திறந்த மால். கழிப்பறை பளபளவென்று இருந்தது, நம் ஊர்ப் பேருந்து நிலையங்களை நினைத்தால் வெட்கம். மற்றபடி பெங்களூரில் பார்க்காதது எதுவும் அங்கே இல்லை.

நாளைக் காலை கண்டி. ரயிலில் முன்பதிவு கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் போகவேண்டும். மனைவி இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.