கொழிஞ்சாம்பாறையும் கோவை மேற்றிராசனமும்

பனைமரங்கள் நிரைநிரையாய் நிற்கும் கொழிஞ்சாம்பாறையை விட்டுப் பிழைப்பு நாடி வெளியேறிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ‘கேரளத்தவராகிய நீங்கள் தமிழ்ச் சங்கத்திற் சேர்ந்தது எங்ஙனம்?’ என அன்பர் சிலர் எங்களை வினவுவதுண்டு. எங்கள் பகுதியின் கோவில் வரலாறு அதற்கு ஓரளவு விடை கூறும்.

ஆங்கிலேயர் காலத்திற் பாலக்காடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டமோ கொச்சி அரசருக்கு உரியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் இரண்டும் கேரளத்துள் அடங்கின. ஆயினும் அப்பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர் கோயமுத்தூர் மேற்றிராசனத்தையே சார்ந்திருந்தனர். 2013 டிசம்பர் 28ஆம் நாள் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்த பின்னரே அந்நிலை மாறியது. எங்கள் பாட்டிமார்க்குக் கோவை அயல் மாநிலத்து நகரமன்று. மேற்றிராணியார் வாழும் ஊர். பூசை இலத்தீனில் நடந்த நாளிலும் அவர்கள் செபமாலை சொன்னது தமிழிலேதான்.

கோவை மிஷனை வளர்த்தவர்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். அவர்களுள் மரியோன் பிரெசிலாக் என்பாரை நாம் மறத்தல் தகாது. 1846 அக்டோபர் 4இல் கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்ற அவர், இம்மண்ணின் மைந்தரே குருக்களாகவும் மேற்றிராணிமாராகவும் உயர்ந்தாலன்றித் திருச்சபை இங்கு வேரூன்றாது என்று கருதினார். இந்தியர் இன்னும் பக்குவம் அடையவில்லை என்ற எண்ணத்தோடு அவர் போராட வேண்டியிருந்தது. நாட்டு வழக்கங்களையும் சாதி ஆசாரங்களையும் எம்மட்டில் ஏற்பது என்பதிலும் குருக்களிடையே பிணக்கு மூண்டது. மனச்சான்று உறுத்தவே அவர் பதவி துறந்தார். 1856இல் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபை நிறுவினார். 1859இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுனில் உயிர் நீத்தார்.

அவர் கண்ட கனவு கோவையிற் கைகூட நெடுங்காலம் சென்றது. 1940இல்தான் உபகாரசாமி பெர்னதோத் என்னும் நம் நாட்டவர் அப்பீடம் ஏறினார். இடையே கழிந்தவை 94 ஆண்டுகள்!

குடிபெயர்ந்து வாழும் நம் சங்கங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் ஊரறியாதவர், அவர்தம் தமிழ் திருத்தமற்றது என்று கூறிப் பொறுப்பனைத்தையும் மூத்தோரே வைத்துக்கொண்டால், நமக்குப் பின் சங்கத்தை நடத்துவார் யார்? தட்டுத்தடுமாறிப் பேசினும் அவர்கள் மேடையேறட்டும். கணக்கும் கடிதமும் அவர்கள் கையால் எழுதப்படட்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்திற் செயலாளர் பொறுப்பை இளைஞர் ஒருவர்க்கு அளிப்பது பற்றி அன்பர்கள் ஆலோசிப்பார்களாக.