எண்ணப்படாத பிள்ளை

சாப்பிள்ளை பெற்றாலும் மருத்துவச்சி கூலி தப்பாது என்பது நம் பாட்டிமார் வழங்கிய பழமொழி. அதனைக் கூலியைப் பற்றிய பேச்சாகவே கேட்டுப் பழகிவிட்டோம். பழமொழியில் இடம்பெறும் அளவுக்கு அத்துயரம் வீடுதோறும் அறிமுகமாயிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்கரைப்பற்றில் உயர்தர வகுப்பொன்றில் ஒருநாள் புறநானூற்றின் 74ஆம் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தோம். சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது அது. குழந்தை இறந்து பிறப்பினும், வெறுந் தசைப்பிண்டமாய்ப் பிறப்பினும், ஆளன்று என ஒதுக்காமல் வீரர்க்குரிய வாள்வடுவை அதற்கும் அளித்த மறக்குடி வழக்கத்தை அப்பாட்டுக் கூறுகின்றது. மாணவர் சிலர் முகஞ் சுளித்தனர். மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, "அப்படியானால் அந்தப் பிள்ளையையும் ஓர் ஆளாக எண்ணினார்களா, சேர்?" என வினவினாள். சற்றுப் பொறுத்து, "எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒன்று அப்படிப் பிறந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் எண்ணுவதில்லை" என்றாள். வகுப்பு வாய்மூடிற்று.

உலகம் எண்ணத் தொடங்கியிருக்கிறது. கருவுற்று 28 வாரங்கள் நிறைந்த பின் உயிரின்றிப் பிறக்கும் குழந்தைகள், ஐக்கிய நாடுகளின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 இலட்சம். அதாவது 72 பிறப்புகளுக்கு ஒன்று. இவற்றுள் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவை பிரசவ வேதனை தொடங்கிய பின்னரே நிகழ்கின்றன. தக்க கவனிப்பு இருப்பின் அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். மருத்துவ மாது வீடு தேடி வரும் நம் நாட்டில் இவ்விகிதம் உலகச் சராசரியிலும் மிகக் குறைவு. எனினும் குறைவு என்பது இல்லை என்பதாகாது.

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கிருமித் தொற்று, நச்சுக்கொடியின் தளர்ச்சி ஆகியன காரணங்களுட் சில. முயன்று தேடியும் காரணம் புலப்படாத பிறப்புகளும் பல. ஆதலின் கண்ணூறு என்றும், தாயின் கவலையீனம் என்றும் பழி சுமத்துதல் அறமன்று. வயிற்றுப் பிள்ளையின் துடிப்புக் குறைந்ததாகத் தோன்றின், விடியட்டும் என்று பொறுத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இதனைக் கணவரும் மாமியாரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நம் அயலிலுள்ள முஸ்லிம் மக்கள், நான்கு மாதங் கடந்து உயிரின்றிப் பிறந்த மகவையுங் குளிப்பாட்டி, கபனிட்டு, மையவாடியில் அடக்குவர். நம்மவரும் மண்ணுக்கே ஒப்புவிப்பர். ஆனால், மண் மூடியதும் இரு சாரார் வீடுகளிலும் பேச்சும் மூடிவிடுகின்றது. "இன்னொன்று பிறக்கும்" என்று ஆறுதல் சொல்லி அகல்கின்றோம். அருந்தப் பிள்ளையில்லாத நாளிலும் தாய்க்குப் பால் சுரக்கிறது என்பதை நினைப்பாரில்லை.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்கையில் ஒரு தாய் மூன்று என்பாள். வீட்டிலோ இருவரே இருப்பர். அவள் கணக்கை நாம் திருத்தாதிருப்போமாக.