அப்பா போட்ட பாதை

நெதர்லாந்துக்குப் போகப்போவது நான். அதற்குப் பாதை போட்டது அப்பா. நாற்பது வருடம் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். முதலில் கித்தாப்பால், பிறகு செம்பனைக் குலை. தோட்டத்துக்கு வெளியே அவர் ஓட்டிய அதிகபட்ச தூரம் பினாங்கு தண்ணீர்மலை. அதுவும் தைப்பூசத்துக்கு.

நானும் மனைவியும் மகளும் பத்து நாள் காடி வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாகத் திட்டம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மேடு இருக்கா?"

"இல்லப்பா, நாடே தட்டைதான். கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழ."

"நம்ம கோலசிலாங்கூர் மாதிரின்னு சொல்லு. எவ்ளோ பெரிசு?"

"பஹாங்கவிட கொஞ்சம் பெரிசு."

"பஹாங்க ஏன்டா பத்து நாளு ஓட்டணும்?"

நான் எழுதி வைத்திருந்த டூலிப் தோட்டத்தையும் படகு ஓடும் கிராமத்தையும் அவர் ஒதுக்கிவிட்டார். அவருக்குப் பிடித்தது வடக்கே கடலுக்குள் நேர்க்கோடாகப் போன ஒரு சாலை. அஃப்ஸ்லாய்ட்டைக் என்ற அணை, 1932இல் கட்டி முடித்தது. முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடலை அடைத்து உண்டாக்கிய ஏரி. எங்கள் கடலோரத் தோட்டங்களிலும் மண்கரையும் தண்ணீர்க் கதவும் உண்டு. மழைக்காலத்தில் அந்தக் கரைமேல் லோரி ஓட்டியவருக்கு இது சுற்றுலா இடமாகத் தெரியவில்லை, வேலையாகத் தெரிந்தது. "கரைய எதால கட்டியிருக்கான்? தண்ணிக் கதவு எத்தன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெற்கே ஜீலாந்தையும் சேர்க்கச் சொன்னார். 1953இல் கடல் உடைத்துக்கொண்டு வந்து அந்த நாட்டில் 1,836 பேர் இறந்த கதையை நான் படித்துக் காட்டியபிறகு.

அப்பா திட்டத்தில் இல்லை. அவரிடம் இருப்பது சிவப்பு ஐசி.

1951இல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர். மெர்டேக்காவுக்கு முன்னால் பிறந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. தாத்தாவுக்கு அது தெரியவில்லை, தெரிந்தவர்கள் லயத்துக்கு வந்து சொல்லவும் இல்லை. அப்பா பிறகு இரண்டு முறை மனுப் போட்டார். ஒருமுறை நேர்காணலில் மலாய் தெரியுமா என்று சோதித்தார்கள். தோட்டத்திலும் கடையிலும் வாழ்நாளெல்லாம் மலாய் பேசியவர், அன்று நாக்கு ஒட்டிக்கொண்டதாகச் சொன்னார். இரண்டு மனுவுக்கும் பதில் வரவில்லை. இதற்கிடையில் 2007இல் எங்கள் ஊர் பெயரையே பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். ஊர் யாரிடமும் மனுப் போடவில்லை.

மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் அந்த நாட்டில் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். சிவப்பு ஐசிக்காரர்களுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக வேறொரு பயணப் பத்திரம் உண்டு. அதை வைத்து விசாவுக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம் என்று படிவத்தை அச்சடித்து வந்தேன். பெயர், பிறந்த இடம் வரை அப்பா நிதானமாக எழுதினார். அடுத்த கட்டம், எந்த நாட்டுக் குடிமகன் என்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்த ரோட்டப் பெரிசாக்கிக் காட்டு" என்றார்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாள் மிச்சம் இருந்தது. அங்கேயுள்ள பழைய தாவரத் தோட்டத்தை நான் சேர்த்தேன். இந்த வட்டாரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்தன; இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து போனவை. அவற்றின் வாரிசுகள் சுமத்ராவில் பரவி, பிறகு இங்கே வந்தன. 1917இல் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டார்கள். நட்ட துரை பிரெஞ்சுக்காரர், ஹென்ரி ஃபோகோனியே. பின்னாளில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி கோன்கூர் பரிசு வாங்கியவர். அப்பாவுக்கு நாவலில் அக்கறை இல்லை. "அந்த மரமெல்லாம் அங்கேருந்தா வந்துச்சு?" என்றவர், "அதுக்கு எந்த ஐசி குடுத்தானுங்க?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவருடைய கவலை வேறு. அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும். யோசித்து ஒரு வழி சொன்னார்: "ஸ்டீரிங்ல ஒக்காந்திருக்கறவன் எப்பவும் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கணும். இங்கயும் அப்படித்தான, அங்கயும் அதே கணக்குதான்." நான் படித்த எந்தக் குறிப்பிலும் இவ்வளவு எளிதாக எழுதியிருக்கவில்லை. வலதில் திரும்பும்போது சைக்கிளைப் பார்க்க வேண்டும், சாலையில் சுறாப்பல் போல வெள்ளை முக்கோணங்கள் கூர்முனையை நம் பக்கம் காட்டினால் வழிவிட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து வைத்துக்கொண்டார். பகலில் நெடுஞ்சாலையில் வேகம் 100தான் என்றதும், "நல்ல ஊரு" என்றார்.

போன ஞாயிறு சாயந்திரம், குலை லோரி ஓடாத நேரமாகப் பார்த்து, தோட்டத்துச் செம்மண் சாலைக்கு என்னை அழைத்துப் போனார். வலதுபக்கமாகவே ஓட்டச் சொன்னார். என் காடியில் ஸ்டீரிங் வலதுபக்கம் இருப்பதால், வலதுபக்கமாக ஓட்டும்போது நான் வடிகாலை ஒட்டிய ஓரத்தில் இருந்தேன். நடுச்சாலைப் பக்கம் இருந்தது அப்பா. அங்கே ஓட்டுகிறவன் உட்காரும் இடம் அவருக்கு அமைந்துவிட்டது. "மெதுவா, மெதுவா" என்றபடி அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் நேர் எதிரே வந்து நின்றது. பங்களாதேஷ்காரப் பையன், பின்னால் குலை வெட்டும் அரிவாள் கட்டியிருந்தது. எங்களை விசித்திரமாகப் பார்த்தான். அப்பா கண்ணாடியை இறக்கி, "பெலாஜார், பெலாஜார்" என்று கையை ஆட்டினார். அவன் சிரித்து, எங்களுக்கு இடதுபுறமாக விலகிப் போனான்.

"பாத்தியா, அவன் சரியாத்தான் போறான்" என்றார் அப்பா. "திருப்பு. இன்னொரு தடவ போவோம்."