எறியாத தூண்டில்

மாத்தளை மாவட்டத்தில், அம்பன் கங்கையை மறித்து 2017 சனவரியில் நீர் நிரப்பத் தொடங்கிய மொறகஹகந்தை நீர்த்தேக்கத்தின் கரையில் நண்பர்களோடும் புதியவர்களோடும் தூண்டில் போடுவது என் விடுமுறை வழக்கம். மென்மையான பிளாஸ்டிக் தவளையை எறிந்து, கோலின் நுனியை மெல்லச் சுண்டி இழுத்தால், அது உயிருள்ளதுபோல் நீர்மேல் தத்திவரும். இதனைக் கற்பித்தல் எளிது. எறியாதிருக்கக் கற்பித்தலே அரிது.

விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாக மேலெழுந்து காற்றை விழுங்கும். கீழே பெற்ற மீன் காவலிருக்கும். அருகே விழுவதைப் பகையென்றெண்ணிப் பாய்ந்து கவ்வும். புதியவர் கை அவ்விடத்தையே நாடும். ஆயினும், காவல் இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். பசியை ஏமாற்றுவது வேட்டை. பாசத்தை ஏமாற்றுவதற்கு என்ன பெயர்? இதைக் கேட்ட இளைஞர் ஒருவர், மறுமொழி கூறாது கோலைத் தாழ்த்தி, வேறிடம் தேடி நடந்தார்.