இலைக்காக ஒரு கொடி

மாடித்தோட்டம் என்று பெண்களுக்குச் சொல்லித்தரப்படுவதெல்லாம் பெரும்பாலும் சமையலறையின் நீட்சிதான். கறிவேப்பிலை வை, புதினா வை, கீரை விதை தூவு, காய்கறிச் செலவு குறையும். ஒரு பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது யாருடைய தட்டுக்காவது வந்து சேர வேண்டும். எங்கள் பால்கனியில் நான் தொங்கவிட்டிருப்பதும் சர்க்கரைவள்ளிக் கொடிதான். ஆனால் அதிலிருந்து இதுவரை யாருடைய தட்டுக்கும் எதுவும் போனதில்லை.

இரண்டு வகை வைத்திருக்கிறேன். மார்கரீட்டாவின் இலை வெளிர் எலுமிச்சைப் பச்சை, இதய வடிவம். பிளாக்கி கறுப்புக்குப் பக்கத்தில் வரும் ஊதா. பொங்கல் சமயத்தில் நாம் அவித்துத் தின்னும் அதே இனம்தான் இரண்டும். இலையின் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மண்ணுக்குள் கிழங்கும் வைக்கும், தின்னலாம், ருசிதான் சுமார்.

“கெழங்கு திங்க முடியாது, பூ சாமிக்கு ஆகாது, எதுக்கும்மா இதுக்கு இவ்வளவு தண்ணி?” என்று அத்தை கேட்டார். பிறகு சர்க்கரைவள்ளி இலையைப் பொரியல் செய்யலாம் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். உண்மைதான், பல ஊர்களில் கீரையாகவே சமைக்கிறார்கள். நான் பறிக்கவில்லை. கீரையாகிவிட்டால் ஆய்வது, அலசுவது, நறுக்குவது எல்லாம் என் கணக்கில் ஏறும். இந்த வீட்டில் எதுவும் செய்து தராமல் இருக்க அனுமதிக்கப்பட்ட ஓர் உயிராவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு இந்தக் கொடி வேறு மாதிரிப் பழக்கம். நுனிக்கொடியைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, கணு மண்ணுக்குள் போகும்படி பாரில் ஊன்றுவது அவள் கூலி வேலை. கொடி படர்ந்ததும் குனிந்தபடியே புரட்டிவிட வேண்டும். கணுவுக்குக் கணு வேர் இறங்கினால் கிழங்கு சிறுத்துவிடும். அதே வயலில் மண்வெட்டி பிடித்த ஆண்களுக்குக் கூலி அதிகம். குனிவதற்கு என்றைக்குமே விலை குறைவு.

அவள் வந்திருந்தபோது தொட்டியைப் பார்த்துச் சிரித்தாள். “தழையா ஓடிட்டா மொதலாளி எங்களத்தான் திட்டுவாரு. நீ அதுக்குன்னே வளக்குறியா?” அதற்காகத்தான். வயலில் தழைச்சத்து கூடினால் கொடி ஓடும், கிழங்கு ஏமாற்றும். எனக்கு வேண்டியது அந்த ஓட்டம். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும். கிள்ளியதைத் தண்ணீரில் போட்டு வைத்தால் சில நாளில் கணுவில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். மத்தியான வெயிலில் இலை தொங்கியதும் பதறி ஊற்றக் கூடாது. மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிர்ந்துகொள்ளும். மேலும் ஊற்றினால் வேர் அழுகும். தொங்குதொட்டி சீக்கிரம் காயும் என்பதால் கத்தரி வெயிலில் மட்டும் காலையும் மாலையும் தண்ணீர்.

கிளம்பும்போது அம்மா கறுப்புக் கொடியில் இரண்டு நுனி கேட்டாள். “எதுக்கும்மா?” என்றேன். “சும்மா” என்றாள். அந்தச் சொல்லை அவள் வேறு எதற்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனில், இலை பச்சையடித்துப் போகிறதே என்று குறைபட்டாள். நிழலில் இருந்தால் கறுப்பு மங்கும், வெயிலுக்கு மாற்று என்றேன். திண்ணையில் வெயில் விழும் இடம் ஒன்றுதான், அங்கே அப்பாவின் கட்டில் கிடக்கும்.

“கட்டில உள்ள தள்ளிப் போட்டுட்டேன்” என்றாள் மறுநாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை நுனி கிள்ள வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள்.