மீட்டர் ஓடுகிறது

ஹேங்கர் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. மூன்று பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். உள்ளே மூக்கைச் சற்றே தூக்கிக்கொண்டு நின்றது 1970களில் பிறந்த ஒரு செஸ்னா 172. இடம் நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலை. டெலவேர் ஆற்றுக்கு இக்கரையில், சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒற்றை ஓடுபாதை. சனிக்கிழமை காலை ஏழு மணி.

என்னை அழைத்து வந்தவர் நாசரேத்துக்காரர். வாரநாளில் மென்பொருள் வேலை, வார இறுதியில் பைலட். ஊர்ப் பாசத்தில் என்னை அண்ணாச்சி என்பார், நான் தம்பி என்பேன். கூட வந்த அமெரிக்கர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இருவரும் போன வருடம்தான் தனியார் பைலட் உரிமம் வாங்கினார்கள். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டும் என்பது இருவரின் கனவு. நடுவே நிற்பது மணிக்கணக்கு.

இங்கே தனியார் உரிமத்துக்குச் சட்டப்படி 40 மணிநேரம் பறந்தால் போதும். வணிக உரிமத்துக்கு, வழக்கமான வழியில் போனால், 250. பெரிய விமான நிறுவனத்தில் துணை விமானியாகவே உட்கார, பெரும்பாலும் 1,500. இந்தக் கடைசி எண்ணுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதையொட்டி 2010இல் சட்டம் வந்தது, 2013இல் விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுமே 1,500 மணிநேரத்தைத் தாண்டியவர்கள் என்பதை இங்கே எல்லா ஹேங்கரிலும் யாராவது ஒருவர் சொல்லிக் காட்டுவார். இந்தியாவில் வணிக உரிமத்துக்கு 200 மணி. அதைச் சேர்க்கவே நம்மூர்ப் பிள்ளைகள் அமெரிக்கா வருவதும் உண்டு.

“உரிமம் வாங்குற வரைக்கும் செலவுக்கு ஒரு முடிவு தெரிஞ்சுது, அண்ணாச்சி. இப்ப அதுவும் தெரியல” என்றார் தம்பி.

அவர் கண்டுபிடித்த முதல் வழி இந்த கிளப். பதினைந்து பேர் பங்கு போட்டு வாங்கிய விமானம். மாதச் சந்தா தனி, பறந்தால் மணிக்கணக்கில் தனி. விமானத்தைக் கழுவுவது, மெக்கானிக் என்ஜின் ஆயில் மாற்றும்போது கூட நின்று விளக்குப் பிடிப்பது எல்லாம் உறுப்பினர் வேலை. ஆனால் பணம் மிச்சமாவது அதில் மட்டுமல்ல. கருவிப் பலகையில் இரண்டு மீட்டர்களை விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்று ஹாப்ஸ்: என்ஜின் ஓடத் தொடங்கியதும் கடிகாரம் போல ஓடும். மற்றது டாக்கோமீட்டரில் உள்ள எண்: என்ஜின் எத்தனை சுற்றுகள் சுற்றியது என்பதை வைத்து நேரத்தைக் கணக்கிடும். விமானம் தரையில் மெதுவாக உறுமிக்கொண்டு நின்றால் ஹாப்ஸ் முழுசாக ஓடும், டாக் நொண்டி நொண்டி நகரும். விமானத்தை வாடகைக்கு விடும் பயிற்சிப் பள்ளிகள் பல ஹாப்ஸுக்குக் காசு வாங்குகின்றன. இந்த கிளப்பில் டாக்குக்குத்தான்.

வெறும் காசுக் கணக்கு என்று நினைத்தேன். அரை மணி கழித்து அது வேறு விஷயம் என்று புரிந்தது.

இறக்கைக்கடியில் குனிந்து, சிறு கண்ணாடிக் குழாயில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளிர் நீலம். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலுக்கு அடையாளமாகச் சாயம் போடுகிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் குமிழாக நிற்கும். நிற்கவில்லை. ஓடுபாதை முனைக்கு உருட்டிப் போனோம். பிரேக்கை மிதித்துக்கொண்டு என்ஜினை 1,700 சுற்றுக்கு ஏற்றினார். தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டு. சாவியைத் திருப்பி ஒன்றை மட்டும் விட்டால் சுற்று கொஞ்சம் இறங்கும். 125 வரை இறங்கலாம். வலதில் சரியாக இருந்தது. இடதுக்குத் திருப்பியதும் என்ஜின் இருமியது. விமானமே குலுங்கியது. முள் 200 இறங்கி நின்றது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக்கில் ஈயக்கரி படிந்திருக்கலாம் என்று தம்பி சொன்னார். சுற்றை ஏற்றி, பெட்ரோல் கலவையை மெலிதாக்கி, ஒரு நிமிடத்துக்கு மேல் எரியவிட்டார். மறுபடி சாவி. 150. மறுபடி எரியவிட்டார். மறுபடி சாவி. 75. குலுக்கல் இல்லை. அப்போதும் கிளம்பவில்லை, இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தார்.

“பள்ளியில படிக்கும்போது இந்த நேரத்துல என் கண்ணு ஹாப்ஸ் மேலதான் இருக்கும். காசு எரியுதேன்னு மனசு அடிச்சுக்கும். இங்க அந்த நச்சரிப்பு இல்ல.”

ஆட்டோவில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு வழியில் இருக்கும் ஊர் தெரியாது. மலிவான மணிநேரம் என்று அவர் சொல்வதில் பாதி, பொறுமையை மலிவாக வாங்குவது என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது வழி, செலவைப் பங்கு போடுவது. மொத்தத்தையும் நானே தருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். முடியாது என்றுவிட்டார். தனியார் பைலட் கூலிக்குப் பறக்கக் கூடாது. பெட்ரோல், ஆயில், விமானத்தளச் செலவு, வாடகை ஆகியவற்றில் தன் பங்குக்குக் குறையாமல் அவர் போட்டே ஆக வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று. பயணியின் வேலைக்காகப் பயணியின் ஊருக்குப் பறப்பதும் ஆகாது. “நீங்க சொல்ற ஊருக்கு நான் வர முடியாது. நான் போற ஊருக்கு நீங்க வரலாம்.” இலவசமாகக் கிடைக்கும் பறக்கும் நேரத்தையே கூலியாக எண்ணும் சட்டம் இது. மணியின் மதிப்பு அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

அவர் போகிற ஊர் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன். மேற்கே 110 கடல் மைல். வணிக உரிமத்துக்கான தொலைதூரப் பறத்தலில் சேர, கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் போய் இறங்க வேண்டும். 35 மைலில் நல்ல சாப்பாட்டுக்கடை இருந்தும் அதைத் தாண்டிப் போகிறோம்.

மேலே ஏறியதும் மூன்றாவது வழி. தம்பி நெற்றியில் ஒரு பிளாஸ்டிக் மறைப்பை மாட்டிக்கொண்டார், வண்டிமாட்டுக்குக் கண்பட்டை கட்டியது மாதிரி. வெளியே தெரியாது, கருவிகள் மட்டுமே தெரியும். பக்கத்தில் இருப்பவர் வெளியே பார்க்க வேண்டும். அவருக்குப் பெயர் சேஃப்டி பைலட். மறைப்பு இருக்கும் வரை விமானத் தலைவர் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால், அவரும் தன் லாக் புத்தகத்தில் அந்த நேரத்தைத் தலைவராக எழுதிக்கொள்ளலாம். ஒரே பெட்ரோலில் இரண்டு பேர் கணக்கு ஏறுகிறது. ஏறுவதும் இறங்குவதும் இதில் சேராது, தொலைதூரக் கணக்கும் அவருக்குக் கிடையாது. பேருந்துக்காரர் தொடையில் கட்டிய அட்டையில் மறைப்பு போட்ட நிமிடத்தைக் குறித்தார். அதன் பிறகு பேச்சே இல்லை. கீழே அப்பலாச்சியன் முகடுகள் பாயைச் சுருட்டிச் சுருட்டி வைத்ததுபோல வரிசையாக வந்தன. அவ்வளவு அழகையும் பார்க்காமல், வியர்வை வழிய ஆறு வட்டக் கருவிகளையே முறைத்துக்கொண்டிருந்தார் தம்பி.

சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் இறங்கினோம். பைப்பர் நிறுவனம் 1937 முதல் 1984 வரை விமானம் செய்த ஊர். சாதாரண மக்களும் பறக்கட்டும் என்று செய்த மஞ்சள் ஜே-3 கப் இங்கிருந்துதான் ஆயிரக்கணக்கில் போனது. மலிவாகப் பறக்கும் ஆசைக்கு இது குலதெய்வக் கோயில் என்றேன். தம்பி சிரித்தார், மொழிபெயர்த்துச் சொன்னபோது பேருந்துக்காரர் சிரிக்கவில்லை. திரும்பும்போது இருக்கை மாறி மறைப்பும் மாறியது.

மறுநாள் நான்காவது வழியைப் பார்க்கக் கிளைடர் களத்துக்குப் போனோம். என்ஜின் இல்லாத கிளைடரைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போவது ஒரு பைப்பர் பாவ்னி. வயலுக்கு மருந்தடிக்கச் செய்த ஒற்றை இருக்கை விமானம். கிளைடர் இழுக்கும் நேரத்தைத் தனியார் பைலட் கைக்காசு போடாமல் எழுதிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. தலைவராக 100 மணிநேரமும் தனிப் பயிற்சியும் வேண்டும். அன்று இழுத்தவர் பணி ஓய்வு பெற்ற முதியவர். ஏறுவார், சில ஆயிரம் அடியில் கிளைடர் கழன்றுகொள்ளும், இறங்குவார், மறுபடி கயிறு. நான் எண்ணிய வரை பதினொரு முறை. நேர்கோட்டில் இரண்டு மணிநேரம் போய்வருவதைவிட இந்தப் பதினொரு இறக்கங்கள் கையைப் பழக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“உன்னிடம் எத்தனை இருக்கிறது?” என்று தம்பியைக் கேட்டார் முதியவர்.

தம்பி புத்தகத்தைப் பிரித்தார். நேற்றையதும் சேர்த்து 91.4.

முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. இழுகயிற்றின் ஒரு முனையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிரி விட்டிருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார். தம்பி புல்லில் குந்தி, கட்டைவிரலால் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவ ஆரம்பித்தார்.