முதலில் கயிறு, பிறகு கொள்ளி!

கார்த்திகை பிறந்துவிட்டால் தென்காசிச் சீமையிலே ஊருக்கு ஊர் பனைக்கு வந்த வாழ்வுதான்! பனந்துண்டை நடுவர், காய்ந்த ஓலையை உடலெங்கும் சுற்றிக் கட்டுவர், இருள் கவிந்ததும் கொள்ளி வைப்பர். ஓலை சடசடக்கும், பொறி பறக்கும், ஊர் ஆர்ப்பரிக்கும். திருநெல்வேலி நகரத்துத் தெருமுனை ஒன்றுக்குச் 'சொக்கப்பனை முக்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டதென்றால், இந்த நெருப்பு மக்கள் நெஞ்சிலே பிடித்துள்ள இடம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மகிழ்ச்சிக்கு நாம் பகைவரல்லர். கொளுத்துவது ஏன் என்ற வழக்கைக் கூட இன்று நாம் தொடுக்கவில்லை. அது வேறொரு நாளுக்கு இருக்கட்டும். இன்று நாம் கேட்பது ஒன்றே: நெருப்புக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையே எத்தனை அடி?

கேள்வி சிறிது. விடை தெரியாததால் விளைந்த அழிவோ பெரிது. செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கொல்லம், அதையடுத்துப் பரவூர். குற்றாலத்துச் சாரலில் குளிக்க ஆண்டுதோறும் வருகிறார்களே, அந்த மக்களின் மண்தான். 2016 ஏப்ரல் 10, விடியுமுன்னே புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கைப் போட்டி. மாவட்ட நிர்வாகம் இசைவு மறுத்திருந்தது, ஆயினும் வெடித்தார்கள். வெடிகளைக் குவித்து வைத்திருந்த கட்டடத்திலே தீப்பொறி விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் முந்நூறுக்கும் மேல். கட்டடத்தின் கான்கிரீட் துண்டுகளே குண்டுகளாகப் பறந்தன!

அயல் மாநிலத்துக் கதை என்று ஒதுக்குவீர்களோ? 1997 சூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு வேளை. யாகசாலைக் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. வெளியேற முண்டியடித்த கூட்டத்திலே நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தீ கொன்றது பாதி, நெரிசல் கொன்றது பாதி என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, "விதி, தம்பி" என்கிறார்கள்! வெடிக் கிடங்கைக் கூட்டத்துக்கு நடுவே வைத்தது விதியா? வழியை அடைத்துப் பந்தல் போடுவது எந்தத் தலையெழுத்து?

கடந்த கார்த்திகைக்கு முன், நாம் பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் இதையே கணக்காகப் போட்டோம். நட்ட பனை 30 அடி. அடி எரிந்து சாய்ந்தால் எவ்வளவு தொலைவு எட்டும்? "30 அடி" என்றனர் பிள்ளைகள். தெறிக்கும் கங்குக்கு? காற்றுக்கு? வாதாடி வாதாடி 45 அடிக்கு வந்து நின்றனர். பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனையை அளந்தோம். ஒரு பக்கம் 22 அடியிலே ஓட்டு வீடு. மறுபக்கம் 18 அடியிலே மின்கம்பம். கடைசி வரிசை மாணவன் ஒருவன், கணக்கில் என்றுமே நாற்பது மதிப்பெண் தாண்டாதவன், கேட்டான்: "அப்படியானால் நாம் எங்கே நிற்பது, சார்?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு விழாக் குழுப் பெரியவரிடம் சென்றோம். "வாத்தியார் தம்பி, எங்க ஐயா காலத்திலேருந்து கொளுத்துறோம். ஒண்ணும் ஆனதில்லையே" என்றார். அன்பானவர், நமக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார். ஐயா காலத்திலே தெருவில் மின்கம்பி உண்டா? எரிந்தால் தோலோடு உருகி ஒட்டும் பாலியஸ்டர் சட்டை உண்டா? ஓலை நனைந்தால் ஊற்றுவதற்குக் கையெட்டும் தூரத்திலே பெட்ரோல்தான் உண்டா?

பெட்ரோலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கார்த்திகை மழைக் கார்த்திகை. ஓலை நமுத்துவிடும், தீ பிடிக்காது, கூட்டம் பொறுக்காது. இளைஞன் ஒருவன் கேனோடு ஓடி வருவான். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, ஊற்றியவன் காலடிக்கே வந்து காத்திருக்கும். தீக்குச்சி உரசியதும் எரிவது ஓலையல்ல, அவன்! ஓலையை இரண்டு நாள் முன்னரே தார்ப்பாயால் மூடி வைத்தால் தீர்ந்தது. அதற்கு ஆகும் செலவு, ஒரு சரவெடியின் விலை வராது.

இங்கிலாந்திலும் இப்படியொரு நெருப்பு விழா உண்டு. 1605ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறிந்ததை நினைத்து, நவம்பர் 5 அன்று விறகடுக்கி எரிக்கிறார்கள். கொளுத்துமுன் குவியலுக்குள் குழந்தையோ பிராணியோ புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். பெட்ரோல் ஊற்றாதே என்கிறார்கள். கயிறு கட்டிக் காவலுக்கு ஆள் நிறுத்துகிறார்கள். விழா நின்றுவிடவில்லை.

நம் ஊரிலோ தீ அடங்குமுன்பே ஆபத்தின் இரண்டாம் பாகம் தொடங்கும். கருகிய துண்டை வயலில் நட்டால் விளைச்சல் பெருகுமாம். ஆகவே கங்கு கனன்று கொண்டிருக்கும்போதே பாய்கிறார்கள். சுட்டுவிட்டாலோ மை, பற்பசை, இட்லி மாவு! தோழர்களே, தீப்புண்ணுக்கு முதல் மருந்து ஓடும் தண்ணீர். இருபது நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

பெரியவரிடம் மூன்றாம் முறை சென்றபோது நாம் தனியே செல்லவில்லை. எட்டாம் வகுப்பு நாடாவோடு வந்தது. தம் பேத்தி அளந்து காட்டிய பதினெட்டு அடியைப் பார்த்தபின், அவர் பேச்சுக் குறைந்தது. பனையை ஊருக்கு வெளியே குளத்தங்கரைப் பொட்டலுக்கு மாற்றினார்கள். 45 அடியில் தேங்காய்நார்க் கயிறு கட்டினார்கள். நான்கு பீப்பாய் தண்ணீரும் இரண்டு வண்டி மணலும் வந்தன. கங்கு ஆறும்வரை கயிற்றை அவிழ்ப்பதில்லை என்ற ஏற்பாட்டை மட்டும் ஊர் ஏற்கவில்லை. பாதியிலேயே தாண்டிக் குதித்தார்கள். வரும் கார்த்திகைக்கு அந்தக் கயிற்றருகே நிற்கப் பத்துப் பேர் வேண்டும். ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.